‘பன்னி’ என்று கூப்பிட்ட தொண்டை

யுத்தம் நடந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் ஓடிய பஸ்ஸுக்கு முதுகில் ஓர் அடுப்பு இருந்தது. பெட்ரோல் இல்லை என்று சர்க்கார் கையை விரித்துவிட்டது. அதனால் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளையை வண்டியின் பின்னால் பூட்டி, அதில் அடுப்புக்கரியைக் கொட்டிக் கனலவிட்டு, அதிலிருந்து வரும் புகையில் எஞ்சினை ஓட்டினார்கள். கரி பஸ் என்போம். மேடு வந்தால் மூச்சு வாங்கும். ஜனங்கள் இறங்கித் தள்ளுவார்கள். தள்ளியவர்களுக்கும் டிக்கெட் உண்டு.

என் வீட்டுக்காரர் அந்தக் கரி பஸ்ஸில் கண்டக்டர்.

தருமபுரியிலிருந்து பாலக்கோடு வழியாக மாரண்டஹள்ளி போகிற வண்டி அது. மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரே தெருவில் தமிழ் பேசுகிறவர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள், கன்னடம் பேசுகிறவர்கள் எல்லோரும் இருப்பார்கள். ஆகவே அவர் மூன்று பாஷையிலும் ஜனங்களைக் கூப்பிடுவார். தமிழில் ‘வாங்க’. தெலுங்கில் ‘ரண்டி’. கன்னடத்தில் ‘பன்னி’. கன்னடத்தில் அது மரியாதையான வார்த்தை. நம் காதுக்கு அது பன்றி. ஒரு தடவை கம்பைநல்லூர்ப் பக்கத்திலிருந்து மிளகாய் வாங்க வந்த வியாபாரி ஒருவர் மூட்டையைத் தலையிலிருந்து கீழே போட்டுவிட்டுச் சண்டைக்கு வந்தாராம்.

“யாரப் பாத்துய்யா பன்னிங்கற?”

“உங்களத்தானுங்க. ஏறுங்க, நேரமாச்சு.”

இதை அவர் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் அந்த வியாபாரி இன்னும் கொஞ்சம் குண்டாகிக்கொண்டே போனார்.

எங்கள் வீடு பாலக்கோட்டுக்கும் மாரண்டஹள்ளிக்கும் நடுவில், ரோட்டு ஓரத்தில், ஒரு வளைவை ஒட்டி இருந்தது. அங்கே பஸ் நிற்காது. சாயங்கால வண்டி எங்கள் வீட்டைத் தாண்டி மாரண்டஹள்ளிக்குப் போய்த் தங்கும். அவர் வண்டியை விட்டுவிட்டு சைக்கிளில் திரும்பி வருவார். வண்டி வளைவில் திரும்பும்போது படியில் நின்றுகொண்டு, ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லாத இடத்தில், “பன்னி... பன்னீ...” என்று நீட்டிக் கூப்பிடுவார். அந்தக் குரல் கொல்லை வரைக்கும் வரும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள், “யாருமே இல்லீங்களே, யாரைக் கூப்புடறீங்க?” என்று கேட்பார்களாம். “வர்றவங்க வருவாங்க” என்பாராம்.

என்னைத்தான் கூப்பிட்டார். களிக்கு உலை வை, வந்துகொண்டே இருக்கிறேன் என்று அர்த்தம். புருஷன் பெண்டாட்டியை நாலு பேர் கேட்கப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற காலமா அது? என் மாமியார்கூட, பாவம் பையன் எந்நேரமும் தொழில் ஞாபகத்திலேயே இருக்கிறான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் குரல் வளைவில் வரும் வரைக்கும் நான் கொல்லையை விட்டு நகர மாட்டேன். வண்டி கவிழ்ந்திருக்குமோ, மேட்டில் பின்னால் உருண்டிருக்குமோ, கரி வெடித்திருக்குமோ என்று ஏதாவது ஒன்றை நினைத்துக்கொண்டே இருப்பேன். என் சுபாவம் அப்படி. நான் நாலாம் வகுப்போடு நின்றவள். பள்ளிக்கூடம் போகிற வழியில் ஓர் ஓடை உண்டு. மழைக்காலத்தில் அதில் வெள்ளம் வந்துவிடுமே என்று சித்திரை வெயிலிலும் அழுவேனாம். என் அப்பா பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், “வூட்டுலயே கெட” என்று விட்டுவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு அந்த ஓடை பஸ்ஸாக மாறியது, அவ்வளவுதான்.

“நீ பயந்ததெல்லாம் நடந்திருந்தா நான் இந்நேரம் எத்தன தடவ செத்திருக்கணும்?” என்று அவர் சிரிப்பார்.

ஒரு நாள் கிளீனர் சுரம் என்று வரவில்லை. கரி போடுவது, அடுப்புக்குக் காற்றாடி சுற்றுவது எல்லாம் கிளீனர் வேலை. பாலக்கோட்டில் மத்தியானம் கரி குறைந்துவிட்டது. இவரே பின்னால் ஏறினார். அந்த உருளையின் மூடியைத் திறக்க ஒரு முறை உண்டு என்று டிரைவர் அண்ணன் பிறகு சொன்னார். முதலில் கொஞ்சம் தளர்த்த வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே நிற்கும் புகையைப் போகவிட வேண்டும், அப்புறம்தான் முழுசாகத் திறக்க வேண்டும். இவருக்கும் அது தெரியும். ஆனால் அந்தப் பக்கம் சந்தைக்கூட்டம் போய்க்கொண்டிருந்தது. கை மூடியைத் திறக்க, கண் கூட்டத்தைப் பார்க்க, கூப்பிடுவதற்காக நெஞ்சு நிறைய மூச்சை இழுத்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து தீ ‘குப்’பென்று முகத்துக்கு வந்து போனது.

கண் இமைக்கிற நேரம்தான். புருவம் பொசுங்கியது. மீசை ஒரு பக்கம் சுருண்டது. கன்னம் சிவந்தது. அவ்வளவுதான். ஜனங்கள் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். டிரைவர் அண்ணன் யாரிடமோ தேங்காய் எண்ணெய் வாங்கித் தடவிவிட்டு, “மீசையில பாதி கம்பெனிக்குக் கட்டியாச்சு, மீதியையாவது வூட்டுக்குக் கொண்டு போ” என்றாராம். வண்டி கிளம்பிவிட்டது. இவர் தருமபுரி வரைக்கும் போய்த் திரும்பி, ஒரு டிக்கெட் விடாமல் கிழித்திருக்கிறார்.

சாயங்காலம் நான் கொல்லையில் நின்றிருந்தேன். வண்டி வளைவில் திரும்புகிற சத்தம் கேட்டது. அப்புறம் ‘பன்னி’ வர வேண்டும். வந்தது. ஆனால் அது பழந்துணியைக் கிழிக்கிற மாதிரி இருந்தது. முதல் எழுத்து மட்டும் வந்து, மிச்சம் வெறும் காற்றாகப் போய்விட்டது. சொம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனேன்.

“அத்த, அவுரு குரலு சரியில்லீங்க” என்றேன்.

“காலையிலருந்து பொழுதுக்கும் கத்தறவன் குரலு குயிலாட்டமா இருக்கும்? போய் ஒலைய வையி.”

அவர் சைக்கிளை நிறுத்தி உள்ளே வந்தபோது மாமியாரே சிரித்துவிட்டார். அந்த மீசையைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். நான் மட்டும் சிரிக்கவில்லை. அவர் நடந்ததைச் சொல்லச் சொல்ல, நான் சொல்லைக் கேட்காமல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பஸ்காரன் தொண்டை கட்டிக்கொள்வது புதிதில்லை. மாதத்தில் ஒரு தடவை கட்டும். மிளகும் மஞ்சளும் போட்டுப் பால் காய்ச்சிக் கொடுத்தால் மறுநாள் தெளியும். அன்றும் மாமியார் அதைத்தான் காய்ச்சினார். அவரால் விழுங்க முடியவில்லை. பால் கடைவாயில் வழிந்தது. இருமித் துப்பினார். எச்சில் கறுப்பாக இருந்தது.

“கறுப்பா வருதுங்க அத்த.”

“கரி வண்டியில போறவன் வெள்ளையாவா துப்புவான்? என்னைக்குத்தான் அவன் எச்சி கறுப்பா இல்ல? நீயும் பயந்து, அவனையும் பயமுறுத்தாத.”

மாமியார் சொன்னதும் நிஜம்தான். கரி பஸ்ஸுக்குப் போன நாளிலிருந்து அவர் காலையில் வாய் கொப்பளித்தால் கறுப்பாகத்தான் வரும். குரல் கட்டுவதும் தினசரிச் சங்கதி, கறுப்பு எச்சிலும் தினசரிச் சங்கதி. வேறு வேலை பார்க்கிற மனுஷனாக இருந்திருந்தால் இரண்டையும் பார்த்து வீடே பதறியிருக்கும். எங்கள் வீட்டில் அவை பழகிப்போனவை. பயப்படுவது ஒன்றே வேலையாக இருந்த எனக்கு மட்டும் ஒரு வித்தியாசம் தெரிந்தது. கத்திக் கட்டிக்கொண்ட தொண்டை, வாயை மூடி உட்கார்ந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும். இது பேசாமல் உட்கார்ந்திருந்தும் நேரம் போகப் போக மூடிக்கொண்டே வந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே இருந்தார். விடிகிற நேரத்தில் மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. எண்ணெய் இல்லாத கிணற்று உருளை சுற்றுகிற சத்தம்.

காலை வண்டி வரும்போது நான் ரோட்டின் நடுவில் போய் நின்றேன். நிற்காத இடத்தில் வண்டி நின்றது.

“என்ன தங்கச்சி, மாடு மேல வர்ற மாதிரி வந்து நிக்கற? தொண்ட கட்டுக்கா இத்தன கூத்து?” என்று டிரைவர் அண்ணன் இறங்கி வந்தார். வாசலுக்கு வந்தவர் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் உள்ளே ஓடினார். ஒரு கையை இவர் முதுகில் கொடுத்துத் தூக்கினார். “வண்டியில ஏத்து. நேரா ஆஸ்பத்திரிக்கிப் போயிரலாம்.”

மாமியாரும் ஏறிக்கொண்டார். அந்த வழியில் ஒரு மேடு உண்டு. கரி பஸ் அதில் திணறி நின்றது. ஜனங்கள் வழக்கம்போல இறங்கித் தள்ள ஆரம்பித்தார்கள். இவரும் எழுந்திருக்கப் பார்த்தார்.

“எலே, நீ உக்காருடா!” என்று டிரைவர் அண்ணன் சீட்டிலிருந்தே கத்தினார். “ஒரு நாளைக்கி நீ பாசஞ்சரா இரு!”

வெளியே வண்டி மூச்சு வாங்குகிறது. உள்ளே இவர் மூச்சு வாங்குகிறார். எந்தச் சத்தம் முதலில் நின்றுவிடுமோ என்று நான் இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அது மிஷன்காரர்கள் நடத்திய ஆஸ்பத்திரி. டாக்டர் நம் பக்கத்து மனுஷர்தான், வயதானவர். இவர் கன்னத்துப் புண்ணை அவர் ஒரு பார்வைதான் பார்த்தார். மூக்குக்குள் விளக்கை அடித்து நெடுநேரம் பார்த்தார். மூக்கு முடியெல்லாம் பொசுங்கியிருந்தது. நான் கவனிக்காத இடம் அது ஒன்றுதான். வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கை அழுத்தி, உள்ளே பார்த்தார். “பேரு சொல்லுங்க” என்றார். இவர் சொன்னது அவருக்கும் கேட்கவில்லை, எங்களுக்கும் கேட்கவில்லை. காதில் மாட்டுகிற குழாயைக் கழுத்திலேயே வைத்துக் கேட்டார். தீ பட்ட நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று விசாரித்தார்.

“ஜனங்களக் கூப்பிட மூச்ச இழுத்துக்கிட்டு இருந்தானுங்க” என்றார் டிரைவர் அண்ணன்.

டாக்டர் தலையாட்டினார். “அதாம்மா. வெளிய பட்டது கொஞ்சம். அதுல எல்லாரும் ஏமாந்துட்டீங்க. சூட்ட உள்ள இழுத்துட்டாரு. தொண்டைக்குள்ள வெந்து போயி, நேத்திலிருந்து வீங்கிக்கிட்டே வருது. மூச்சுப் போற வழி இப்ப ஒரு கோரைப்புல்லு அளவுக்குத்தான் இருக்கும். அதுவும் மூடிக்கும். அதுக்கு முன்ன, வீக்கத்துக்குக் கீழ கழுத்துல ஒரு தொள போட்டுக் குழாய் வெச்சுரணும்.”

மாமியாருக்கு அது பொறுக்கவில்லை. “கழுத்த அறுக்கறதுக்கா எம்புள்ளயக் கூட்டியாந்த?” என்று என் பக்கம் திரும்பினார். “அன்னைக்கே சொன்னன், இவ பயந்து பயந்தே ஒரு எழவக் கூட்டிருவான்னு.”

நான் டாக்டரிடம் கேட்டேன். “பேச்சு வருமுங்களா?”

“மொதல்ல மூச்சு வரட்டும்மா.”

அவர் வராது என்றும் சொல்லவில்லை, வரும் என்றும் சொல்லவில்லை. எல்லோரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தோம். இரும்புக் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முன்னால் குனிந்து, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். பிறகு உள்ளங்கையால் அந்தக் கட்டில் கம்பியை இரண்டு தட்டுத் தட்டினார்.

டாக்டருக்குப் புரியவில்லை. டிரைவர் அண்ணனுக்குப் புரிந்தது. “போலாங்கறானுங்க” என்றார். பஸ்ஸில் தகரத்தை ஒரு தட்டுத் தட்டினால் நில். இரண்டு தட்டினால் போ.

எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் வரைக்கும் அந்தக் கிணற்று உருளைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திடீரென்று நின்றது. அவ்வளவுதான் என்று நினைத்தேன். மாமியார் என் கையைப் பிடித்தார். அதுவரை அவர் என் கையைத் தொட்டதில்லை. சற்று நேரம் கழித்து உள்ளேயிருந்து ‘உஸ்’ஸென்று ஒரு காற்றுச் சத்தமும், கோரமான ஓர் இருமலும் வந்தன. நர்ஸ் அம்மா கதவைத் திறந்து, “வாங்க, மூச்சு நல்லா விடறாரு” என்றார்.

கழுத்துக் குழியில் ஒரு வெள்ளிக் குழாய். அதை நாடாவால் பின்கழுத்தில் கட்டியிருந்தார்கள். நெற்றி வியர்வை காய்ந்து, முதல்நாளிலிருந்து உட்கார்ந்தே இருந்த மனுஷன் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். குழாய் வழியாகக் காற்று போய் வந்தது. உதடு அசைந்தது. சத்தம் இல்லை. காற்றெல்லாம் குரலுக்குக் கீழேயே போய் வந்துவிடுகிறது, மேலே போனால்தானே பேச்சு என்று நர்ஸ் அம்மா எனக்கு விளக்கினார்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் எனக்கு வேலை சரியாக இருந்தது, அதனால் பயம் கொஞ்சம் தள்ளி நின்றது. குழாய்க்குள் இன்னொரு குழாய் உண்டு. அதை எடுத்துக் கழுவிக் கொதிநீரில் போட்டு மறுபடி மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் சளி காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஆரம்பத்தில் கரி கரியாக வந்தது, சில சமயம் உள்ளே வெந்த சவ்வும் வந்தது. நர்ஸ் அம்மா ரப்பர் குழாயால் உறிஞ்சி எடுப்பார். கட்டிலைச் சுற்றித் துணி கட்டி, நீண்ட மூக்கு வைத்த கெட்டிலில் நீராவி விட்டார்கள். குழாய் வாயில் ஈரத்துணி. சீழ் பிடிக்காமலிருக்க, புதிதாக வந்திருந்த சல்ஃபா மாத்திரையைப் பொடித்து, மூக்கு வழியாக விட்ட குழாயில் பாலோடு கொடுத்தார்கள். அந்த வெள்ளிக் குழாயை நான் பயந்துகொண்டேதான் கழுவுவேன். ஆனாலும் ஒரு தடவையும் கீழே போட்டதில்லை.

பேச வேண்டுமென்றால் அவர் கட்டிலைத் தட்டுவார். ஒரு தட்டு: நில், இங்கேயே இரு. இரண்டு தட்டு: போய்ச் சாப்பிடு. வேறு எதையும் தட்டிச் சொல்ல முடியவில்லை. நான் வெளியே பம்படிக்குப் போய் நிற்கும்போதெல்லாம் எனக்குக் காது அவர் பக்கமே இருக்கும். எங்கேயோ ஒரு பஸ் சத்தம் கேட்டால், அடுத்தது வர வேண்டியதற்காகக் காது தானாகக் காத்திருக்கும். வராது. பக்கத்திலேயே கட்டிலில் இவர் படுத்திருக்கிறார், கண்ணெதிரே மூச்சு விடுகிறார். ஆனாலும் தூரதேசம் போன ஆளுக்கு ஏங்குகிற மாதிரி நான் அவருக்கு ஏங்கினேன். யாரிடம் சொல்வது? உயிர் பிழைத்தது போதாதா உனக்கு என்பார்கள்.

வீக்கம் வடிந்த பிறகு ஒரு நாள் காலையில் டாக்டர் வந்து, குழாயின் வாயை விரலால் மூடினார். “இப்ப மேல் வழியா மூச்சு போகுதான்னு பாப்போம். ஏதாச்சும் ஒரு வார்த்த சொல்லுங்க” என்றார்.

அவர் என்னைப் பார்த்தார். முகம் சிவக்க முக்கினார். சருகு நகர்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

“பன்னி.”

டாக்டர் திடுக்கிட்டார். “யாரச் சொல்றாரு?”

“என்னயத்தானுங்க” என்றேன். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். மாமியார் என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அத்தனை வருஷமும் வளைவில் கேட்ட சத்தம் யாருக்கு என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. “அடப்பாவி” என்றார். “நான் பாசஞ்சருக்குன்னு நெனச்சன்.”

குழாயை எடுத்தார்கள். ஓட்டை தானாக மூடித் தழும்பானது. மீசையும் வளர்ந்தது. குரல் மட்டும் அந்தச் சருகோடு நின்றுவிட்டது. உள்ளே ஆறிய புண் இறுகிப்போய்விட்டது, இனி கத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியனுப்பினார். கத்தச் சொன்னாலும் எங்கே கத்துவது?

கம்பெனி அவரை மறுபடி எடுத்துக்கொண்டது. யுத்தம் முடிந்து பெட்ரோல் வர ஆரம்பித்து, வண்டியின் முதுகிலிருந்த அடுப்பைக் கழற்றிய சமயம் அது. ஊர்ப்பெயரை டிரைவர் அண்ணன் கூவுவார். இவர் தகரத்தைத் தட்டுவார். வேலைக்குப் போன முதல் நாள் சாயங்காலம் நான் வாசலுக்கே வந்து நின்றேன். வண்டி வளைவில் திரும்பியது. படியில் நின்றிருந்தார். வாயைத் திறந்தார். ஒன்றும் கேட்கவில்லை. எஞ்சின் சத்தம்தான் கேட்டது. என்ன நினைத்தாரோ, தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினார். ஒரு தட்டென்றால் நில் அல்லவா? டிரைவர் அண்ணன் பிரேக்கைப் போட்டுவிட்டார்.

“யாருங்க எறங்கறது? இங்க ஸ்டாப்பிங்கே கெடையாதே?” என்று உள்ளே ஒரே சத்தம்.

அவர் இறங்கி என்னிடம் வந்தார். காதுக்குப் பக்கத்தில் குனிந்து அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் இரண்டு தட்டுத் தட்டினார். வண்டி போய்விட்டது. நான் உலை வைத்தேன்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசியதெல்லாம் பக்கத்தில் வந்து பேசியதுதான். வயலுக்கு அந்தக் கோடியிலிருந்து கூப்பிட முடியாது, நடந்து வருவார். பக்கத்து வீட்டுப் பெண்கள், “கொடுத்து வெச்சவ, புருஷன் காதோரமாத்தான் பேசறாரு” என்று கேலி பண்ணுவார்கள். இருக்கட்டும். அந்தப் பேச்சுக்கு நான் குறை சொல்லவில்லை. ஆனால் தூரத்திலிருந்து ஒருத்தர் நம்மைக் கூப்பிடுவது என்று ஒன்று உண்டு. இடையில் இருக்கிற வயலையும் ரோட்டையும் தாண்டி அது நம்மைத் தேடி வரும். அதை நான் அப்புறம் கேட்கவேயில்லை. அவர் காலமாகிப் பல வருஷமாகிறது. காதோரம் பேசிய பேச்சு ஞாபகத்தில் இருக்கிறது. அந்த நீட்டல் மட்டும் எவ்வளவு முயன்றாலும் சரியாக வருவதில்லை. ‘பன்னீ’ என்பதில் எந்த இடத்தில் மேலே ஏறும், எங்கே இறங்கும் என்று அடுப்படியில் தனியாக இருக்கும்போது சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன்.

போன தைக்கு மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் நின்றிருந்தேன். தருமபுரி வண்டிக்காக. ஓசூர் பக்கம் போகிற வண்டி ஒன்றின் படியில் தொங்கிக்கொண்டு சின்ன வயசுக் கண்டக்டர் ஒருவர், “பன்னி, பன்னி, பன்னீ...” என்று கத்தினார். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்தப் படிக்கட்டு வரைக்கும் போய்விட்டேன். கம்பியையும் பிடித்துவிட்டேன்.

“எங்கீங்கம்மா போவணும்?” என்று அவர் கேட்டார்.

“எங்கியுமில்லீங்க” என்றேன். “கூப்ட்டீங்க, வந்தன்.”